அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள்

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறார். நான் வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன். எங்கள் மகள் அரசு உதவிபெறும் பள்ளியில், தமிழ்வழியில், கணிதம் - உயிரியல் பிரிவில் படித்து 600-க்கு 548 எடுத்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே சயின்டிஸ்ட் ஆக வேண்டும் என்பாள். பள்ளிக்கு வந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தார், "எங்களுடையது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், பி.டெக். பயோடெக்னாலஜி தருகிறோம்" என்று சொல்லிப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கட்டணம் வருடத்துக்கு 2 லட்சம், விடுதியும் சாப்பாடும் 1 லட்சம். பத்து நாளுக்குள் 25,000 ரூபாய் கட்டினால்தான் இடம் நிற்குமாம். கொழுந்தனார், "மதுரையிலேயே பி.எஸ்சி. சேர்த்துவிடுங்கள், போதும்" என்கிறார். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்றால் என்ன? அங்கே சேர்த்தால் பிள்ளை விஞ்ஞானி ஆவாளா? எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் இவள்தான். தப்பாக முடிவெடுத்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். முதலில் பாப்பாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். தமிழ்வழியில் கணிதமும் உயிரியலும் சேர்த்துப் படித்து 548 எடுப்பது லேசான காரியம் இல்லை. முப்பது வருடம் கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த உழைப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் கெடுவைப் பார்த்துப் பதற வேண்டாம். 2018-ல் யூ.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிப்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் கட்டிய கட்டணம் திரும்ப வர வேண்டும். அதிகபட்சம் 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல் பிடிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதிதான். ஆகவே பணம் கட்டுவதாக இருந்தால், ரசீதில் 'கட்டணம்' என்றே எழுதி வாங்குங்கள். 'நன்கொடை' என்றோ 'பதிவுத் தொகை, திரும்பத் தரப்படாது' என்றோ எழுதினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். ரசீது தராத ஏஜென்ட் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

பல்கலைக்கழகம் என்றால் படித்தவர் பாடம் சொல்லிக்கொடுக்கும் இடம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்றால் அங்கே பாடம் நடத்துகிறவரே, இன்னும் யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டும் இருக்க வேண்டும். 1810-ல் ஜெர்மனியில் பெர்லினில் ஆரம்பித்த பல்கலைக்கழகத்தை இந்த ஏற்பாட்டுக்கு முன்னோடி என்பார்கள். அமெரிக்காவில் 1876-ல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ், தனியார் பணத்தில் எழுந்த பல்கலைக்கழகம், அதை அங்கே கொண்டுபோனது. தனியார் என்பது நமக்கும் புதிதில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் ஒரு செட்டியார் குடும்பத்துக் கொடையில் எழுந்தது; அரசு அதை எடுத்துக்கொண்டது 2013-ல்தான். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர வேண்டும் என்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்து 15 லட்சம்! அந்த மாதிரிக் கைகள் இருந்த மண் நம்முடையது.

இன்று தமிழ்நாட்டில் நீங்கள் கேள்விப்படுகிற தனியார் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை 'நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்'. 1956-ஆம் ஆண்டு யூ.ஜி.சி. சட்டத்தின் 3-ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசு அந்தத் தகுதியைக் கொடுக்கிறது. வேலூர் வி.ஐ.டி., தஞ்சாவூர் சாஸ்த்ரா இரண்டும் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001-ல் இந்தத் தகுதி பெற்றவை. நமக்குப் பக்கத்தில், திருவில்லிபுத்தூர் போகிற வழியில் கிருஷ்ணன்கோவிலில் இருக்கிற கலசலிங்கமும் 1984-ல் கல்லூரியாகத் தொடங்கியதுதான். தகுதி கிடைத்தது 2006-ல். நிகர்நிலை என்றாலே தனியார் என்றும் நினைத்துவிடாதீர்கள். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராம நிறுவனமும் நிகர்நிலைதான், ஆனால் மத்திய அரசுப் பணத்தில் நடக்கிறது. கட்டணமும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும்.

இந்தத் தகுதி கிடைத்தால் என்ன ஆகிறது? பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கலாம், தேர்வைத் தாங்களே நடத்தலாம், பட்டத்தைத் தாங்களே கொடுக்கலாம். இதில் நன்மை நிஜமாகவே இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிற இணைப்புக் கல்லூரியில் புதிதாக ஒரு பாடம் சேர்க்க வேண்டுமென்றால் பல்கலைக்கழகக் குழு கூடும்வரை காத்திருக்க வேண்டும். இவர்கள் அடுத்த பருவத்திலேயே கொண்டுவந்துவிடுவார்கள். சில இடங்களில் எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில், எந்த ஆசிரியரிடம் படிப்பது என்று மாணவரே தேர்ந்தெடுக்கிற வசதி உண்டு. வெளிநாட்டில் ஒரு பருவம் படித்துவிட்டு வர ஒப்பந்தம் இருக்கும், செலவு பெரும்பாலும் நம்முடையது. நூலகம் ராத்திரி வரை திறந்திருக்கும். கருவிகள் வாங்கக் கையில் காசு இருக்கும். நல்ல தனியார் பல்கலைக்கழகங்களில் இதையெல்லாம் நேரில் பார்த்திருக்கிறேன், குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். 'ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்' என்ற பெயர் அந்த நிறுவனத்தைப் பற்றியது. உங்கள் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பது அந்தப் பெயரில் இல்லை. அங்கே ஆராய்ச்சி நடக்கலாம், அது எம்.டெக்., பிஎச்.டி. மாணவர்களுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடலாம். பி.டெக். மாணவர் நான்கு வருடமும் அந்தக் கண்ணாடிக் கதவை வெளியே இருந்து பார்த்துவிட்டே வந்துவிடலாம். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, பாப்பா அந்தக் கதவுக்கு உள்ளே போவாளா, எந்த வருடத்தில், யார் கூட்டிக்கொண்டு போவார் என்பதைத்தான்.

ஆராய்ச்சி என்றால் எப்படி இருக்கும் என்று பாப்பாவுக்குச் சொல்ல நம்ம ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். உயிர்களின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றி ஆராய்ந்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு குகைக்குள் போய் வௌவால்களைக் கவனித்தார்கள். உள்ளே பகலும் இருட்டு, இரவும் இருட்டு. வெளியே பொழுது சாய்ந்தது வௌவாலுக்கு எப்படித் தெரிகிறது? இதுதான் கேள்வி. சில வௌவால்களைக் குகைக்குள்ளேயே கூண்டில் வைத்தார்கள். மற்றவை வழக்கம்போல வெளியே போய் வந்துகொண்டிருந்தன. கூண்டில் இருந்தவையும் அவற்றோடு சேர்ந்தே அந்தந்த நேரத்துக்கு விழித்துப் படபடத்தன. சுதந்திரமாகத் திரிந்த வௌவால்கள் இல்லாதபோதோ, கூண்டில் இருந்தவற்றின் கடிகாரம் வெளியுலகத்து நாளோடு பொருந்தாமல் தள்ளித் தள்ளிப் போனது. அப்படியானால் வெளிச்சம் எட்டாத இடத்தில், கூட்டாளிகளின் நடமாட்டமே அவற்றுக்கு மணி காட்டுகிறது. 1981-ல் இது உலகம் படிக்கிற ஆய்விதழில் வந்தது. ஒரு கூண்டு, அசைவைப் பதிவு செய்ய ஒரு கருவி, இருட்டில் பொறுமையாக உட்காரத் தெரிந்த மாணவர்கள், கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு ஆசிரியர். பாப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அவள் கண் மின்னினால், நீங்கள் தேட வேண்டியது அந்த மாதிரி ஆசிரியர் இருக்கிற இடத்தை.

எப்படித் தேடுவது? கையில் இருக்கிற போனிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

என்.ஐ.ஆர்.எஃப். என்று மத்திய அரசின் தரவரிசை ஒன்று 2016 முதல் வெளியாகிறது. எல்லாரும் 'எத்தனையாவது இடம்' என்று மட்டும் பார்க்கிறார்கள். அந்த எண்ணைவிட, அதற்காக ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்த விவரத் தாள்தான் நமக்கு முக்கியம். நிறுவனங்கள் அதைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், நடுச் சம்பளம் எவ்வளவு, அந்த வருடம் எத்தனை பேர் பிஎச்.டி. முடித்தார்கள், ஆராய்ச்சிக்கென்று வெளியிலிருந்து எவ்வளவு பணம் வந்தது எல்லாம் அதில் இருக்கும். நடுச் சம்பளம் என்றால், வேலை கிடைத்தவர்களை வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்கிறவர் வாங்குவது. விளம்பரப் பலகையில் போடுகிற 'அதிகபட்சச் சம்பளம்' ஒரே ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது.

இந்தத் தாளிலும் ஒரு சிக்கல் உண்டு. நான்கு வருடப் படிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டித்தான் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் பிரிவில் நூற்றுக்கணக்கில் வேலைக்குப் போயிருப்பார்கள், பயோடெக்னாலஜி அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துவிடும். ஆகவே, "பயோடெக்னாலஜியில் மட்டும் போன வருடம் எத்தனை பேர் முடித்தார்கள், எங்கே போனார்கள்?" என்று தனியாகக் கேளுங்கள். பி.டெக். பயோடெக்னாலஜி முடித்த பிள்ளைகள் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போவது மிகச் சாதாரணம். அதில் தப்பில்லை, ஆனால் அதற்காக இந்தப் படிப்புக்கு இவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் 'சோத்கங்கா'. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கிற இலவச இணையக் களஞ்சியம் இது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, பயோடெக்னாலஜி துறையைத் திறந்தால், யாருடைய வழிகாட்டுதலில் யார் என்ன ஆராய்ந்தார்கள் என்று வரும். இரண்டு மூன்று வழிகாட்டிகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறார்களா என்று துறையின் பக்கத்தில் பாருங்கள். தனியார் நிறுவனங்களில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவார்கள். ஒரு கேள்வியை ஐந்து, பத்து வருடம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற ஆள் மாறிப் போய்விட்டால் அந்த ஆய்வகமும் அவரோடு போய்விடும்.

'வருடத்துக்கு இத்தனை ஆயிரம் ஆய்வுக் கட்டுரை' என்று புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். கட்டுரை எண்ணிக்கை தரவரிசைக்கு உதவுவதால், எண்ணிக்கைக்காகவே எழுதுகிற பழக்கம் நாட்டில் பரவிவிட்டது. தவறு என்று தெரிந்து ஆய்விதழ்களே திரும்பப் பெறுகிற கட்டுரைகளும் பெருகிவிட்டன. அவற்றுக்காக மதிப்பெண் குறைப்பதை என்.ஐ.ஆர்.எஃப். 2025-ல் கொண்டுவந்தது. 'நாக்' என்ற அமைப்பு தருகிற தரச் சான்று, கல்வி நிறுவனம் முழுவதற்கும் பொதுவானது. என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. பயோடெக்னாலஜிக்கு என்.பி.ஏ. இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று, பல நிகர்நிலைகளுக்கு இரண்டு மூன்று வளாகங்கள் உண்டு. புத்தகத்தில் படம் போட்டிருக்கிற ஆய்வகம் தலைமை வளாகத்தில் இருக்கும். பிள்ளைக்கு இடம் கொடுப்பது புது வளாகத்தில் இருக்கும். எந்த வளாகம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

மீதி வேலைக்கு நேரில்தான் போக வேண்டும். வேலை நாளில் போங்கள், 'ஓப்பன் டே' அன்று வேண்டாம். நீங்களும் பாப்பாவும் போங்கள். முடிந்தால் கொழுந்தனாரையும் கூட்டிப் போங்கள், அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒரு பிள்ளையோடும் அவள் அப்பாவோடும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். பளிங்குத் தரை, ஏ.சி., வரவேற்பில் ஜூஸ் கொடுத்தார்கள். 'நவீனக் கருவி மையம்' என்று ஒரு அறையைக் காட்டினார்கள். டி.என்.ஏ.வைப் பெருக்குகிற பி.சி.ஆர். இயந்திரம் மேசையில் இருந்தது, மேலே பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் லாக் புக் என்று ஒரு நோட்டு இருக்கும். பயன்படுத்துகிறவர் தேதி, பெயர், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அதைப் புரட்டினேன். கடைசிக் கையெழுத்து நாலு மாதத்துக்கு முந்தையது. அதற்கு முன்னால் இருந்த பக்கங்களிலும் ஒரே மூன்று பெயர்கள், மூன்றும் பிஎச்.டி. மாணவர்கள். "பி.டெக். பிள்ளைகள்?" என்றேன். "டெமோ காட்டுவோம் சார்" என்றார்கள்.

அடுத்த வாரம் வேறொரு இடம் போனோம். கட்டடம் பழசு, ஃபேன் கிறீச்சிட்டது. அங்கே அதே மாதிரி இயந்திரம், இன்னும் பழைய மாடல். லாக் புக் ஓரமெல்லாம் கிழிந்து, கறை படிந்து, அன்று காலை தேதி வரை நிரம்பியிருந்தது. நடுவில் ஒரு வரியில் பெயருக்குப் பக்கத்தில் 'இரண்டாம் ஆண்டு பி.டெக்.' என்று எழுதி, குறிப்பில் 'பேண்ட் வரவில்லை, மறுபடி செய்ய வேண்டும்' என்று இருந்தது. பேண்ட் என்றால் சோதனை பலித்திருந்தால் தெரிய வேண்டிய கோடு. ஒரு சோதனை தோற்றுப்போனதை ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் கையால் எழுதி வைத்திருக்கிறாள். என்னோடு வந்த பிள்ளையின் அப்பாவிடம், "இங்கே சேர்க்கலாம்" என்றேன்.

நீங்களும் லாக் புக்கைக் கேளுங்கள். காட்ட மாட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அது ரகசியம் கிடையாது. பிறகு கேன்டீனுக்குப் போய் டீ சொல்லிவிட்டு, மூன்றாம் வருடம், நான்காம் வருடம் படிக்கிற பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். "கடைசி வருட ப்ராஜெக்ட் எங்கே செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "எங்கள் மேடம் லேபில்" என்று வந்தால் நல்லது. "வெளியே ஒரு சென்டரில் காசு கொடுத்து வாங்கிக்கொள்வோம்" என்று வந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்படி விற்கிற ப்ராஜெக்ட் சென்டர் போர்டுகளை மதுரையிலேயே பார்க்கலாம். பாப்பா தமிழ்வழியில் படித்தவள் என்பதால், முதல் வருடத்தில் ஆங்கிலத்துக்குக் கைகொடுக்க அங்கே என்ன ஏற்பாடு என்றும் அந்தப் பிள்ளைகளிடமே கேளுங்கள். விடுதிச் சாப்பாடு, பெண் பிள்ளைகள் மாலை எத்தனை மணிக்குள் விடுதிக்குள் இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். ஆறு மணிக்குப் பூட்டிவிட்டால் ராத்திரி ஓடுகிற சோதனையை எந்தப் பெண் பிள்ளையும் செய்ய முடியாது.

இப்போது பணம். வெளிப்படையாகவே சொல்கிறேன். நான்கு வருடத்துக்குக் கட்டணம் 8 லட்சம், விடுதி 4 லட்சம், மொத்தம் 12 லட்சம். விடுதிச் செலவை நீங்கள் எப்படியோ சமாளித்துவிட்டு, கட்டணத்துக்கு மட்டும் வருடா வருடம் 2 லட்சமாகக் கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம் என்று கொள்ளுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடும். அந்த ஐந்து வருடத்தில் சாதாரண வட்டி மட்டும் 2,80,000 ஆகும். கடன் 10,80,000 ஆகி நிற்கும். பத்து வருடத்தில் அடைப்பதாக இருந்தால் மாதம் ஏறக்குறைய 14,300 ரூபாய். விஞ்ஞானி ஆகிற பிள்ளைக்கு பி.டெக். முடித்த அன்றே வேலை கிடையாது. அதற்கு மேல் எம்.டெக். அல்லது எம்.எஸ்சி., அதன் பிறகு பிஎச்.டி. ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், ஆனால் அது தேர்வெழுதி, சில வருடம் கழித்து. நடுவில் இருக்கிற வருடங்களில் இந்தத் தவணையை யார் கட்டுவது? பல பிள்ளைகள் இந்த இடத்தில்தான் ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போகிறார்கள். நான் பார்த்து மனம் நொந்தது இதைத்தான். விஞ்ஞானி ஆக வேண்டும் என்று வாங்கிய கடனே அவர்களை விஞ்ஞானி ஆகவிடாமல் செய்துவிடுகிறது.

பி.எம். வித்யாலட்சுமி என்ற திட்டத்துக்கு மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அதன் பட்டியலில் இருக்கிற நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்தவர்களுக்கு ஜாமீனும் சொத்து அடமானமும் இல்லாமல் வங்கிக் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், வட்டியில் 3 சதவீதம் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று மேலூரில் உங்கள் வங்கிக் கிளையில் கேட்டுவிடுங்கள். பல்கலைக்கழகமே மதிப்பெண்ணுக்குக் கட்டணத்தைக் குறைப்பதும் உண்டு. ஆனால் முதல் வருடத்துக்கு மட்டுமா, நான்கு வருடத்துக்குமா, இடையில் மதிப்பெண் குறைந்தால் ரத்தாகுமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

இந்தப் பக்கம் இப்படி. மறுபக்கம் பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தமிழக அரசின் பொறியியல் கலந்தாய்வில் வருவதில்லை. கலந்தாய்வு வழியாகச் சேர்கிறவர்களுக்கு உள்ள முதல் பட்டதாரிச் சலுகை அங்கே கிடைக்காது. உங்கள் மகள் முதல் பட்டதாரி. அந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொண்டு, கலந்தாய்விலும் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்வதால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை, கையில் இன்னொரு வழி இருக்கும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் என்பதால், 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழுந்தனார் சொல்கிற பி.எஸ்சி. வழியை லேசாக நினைக்காதீர்கள். 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948-ல் வந்த லேடி டோக், அடுத்த வருடம் வந்த தியாகராசர் கல்லூரி எல்லாம் மதுரைக்குள்ளேயே இருக்கின்றன. உதவிபெறும் பிரிவில் இடம் கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு. சுயநிதிப் பிரிவு என்றால் கொஞ்சம் கூடும், எந்தப் பிரிவு என்று சேரும்போதே கேளுங்கள். மேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரலாம். விலங்கியல், தாவரவியல், வேதியியல், எதுவானாலும் அடிப்படை உறுதியாக விழும். கோடை விடுமுறையில் நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்துகிற ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாதம் ஏதாவது ஒரு பெரிய ஆய்வகத்தில் உதவித்தொகையோடு வேலை கற்றுக்கொள்ளலாம். கண் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற அரவிந்த் மருத்துவ ஆய்வு மையம் மதுரையிலேயே இருக்கிறது. எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கு ஜி.ஏ.டி.-பி. என்ற தேசியத் தேர்வு உண்டு. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு அந்தப் படிப்பை நாட்டிலேயே முதலில் தொடங்கிய சில பல்கலைக்கழகங்களில் நமது காமராசர் பல்கலைக்கழகமும் ஒன்று. இன்று அது பண நெருக்கடியில் தவிப்பது வேதனை, அது தனியே பேச வேண்டிய சங்கதி. பி.எஸ்சி.யை இங்கே முடித்து, எம்.எஸ்சி.க்கும் பிஎச்.டி.க்கும் பெரிய நிறுவனங்களுக்குப் போன என் மாணவர்கள் பலர் உண்டு. அவர்கள் யார் தலையிலும் கடன் இல்லை.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற வீட்டாரும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. இளங்கலையிலிருந்தே ஆராய்ச்சி என்றால் ஐசர் நிறுவனங்கள் அதற்கென்றே மத்திய அரசு நடத்துபவை. திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் விண்ணப்பத் தேதி போய்விடும்.

என் கருத்தைக் கேட்டால் இதுதான். அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடத்துக்கும் கட்டணத்தில் பாதியாவது குறைத்து எழுதிக் கொடுத்து, இரண்டாம் வருடத்திலிருந்து பி.டெக். பிள்ளைகள் ஆய்வகத்தில் வேலை செய்வதை நீங்கள் கண்ணால் பார்த்தும்விட்டால், தயங்காமல் சேருங்கள். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் வேண்டாம். கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மதுரையில் பி.எஸ்சி. அப்படிச் சேர்த்தால் பாப்பா எதையோ இழந்துவிட்டாள் என்று வீட்டில் யாரும் பேசக் கூடாது. அவள் காதில் அது விழவே கூடாது.

போகிற அன்று மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் மட்டும் எடுத்துப் போங்கள். ஒரிஜினல் பீரோவிலேயே இருக்கட்டும். கேட்க வேண்டிய கேள்விகளைப் பாப்பாவே ஒரு நோட்டில் எழுதி, துறைத் தலைவரிடம் அவளே கேட்கட்டும். தமிழில் கேட்டாலும் போதும். அவர் அவளைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா, உங்களைப் பார்த்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள். லாக் புக்கில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து.